பதினான்கு புள்ளி இரண்டு

சாவியைத் திருகினால் எங்கள் வண்டி
ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் சொல்லும்.
பெண் குரல். அவசரமே தெரியாத குரல்.
கரகோலில் எங்கள் தெருவில் யாருக்கும் பொருள் தெரியாது.
"நல்லபடியா போய் வாங்கன்னு சொல்றா"
என்பாள் பெகாயிம், ஏழு வயது.
பின்சீட்டிலிருந்து தினமும் பதிலும் சொல்வாள்:
"நீயும், அக்கா."

செவ்வாய் இரவு, ஏரிக்கரைச் சாலையில்
பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.
ரேடியோ பாட்டின் நடுவில் நின்றது.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் யோசனையில் ஆழ்ந்தது.
முகப்பு விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி,
கடைசி எட்டு கிலோமீட்டர்
ஒரு நிலக்கரி லாரியின் பின்விளக்கைப்
பிடித்துக்கொண்டு வீடு வந்தோம்.

பேட்டரிதான் என்றான் தாலாய்.
பேட்டரியேதான் என்றார் வேலிக்கு அப்பாலிருந்து ஷெர்காசி.
அளந்து பார்க்கலாமே என்றேன் நான்.
ஆறாயிரத்து ஐந்நூறு சோம்.
புதுசையும் இரண்டே நாளில் குடித்துத் தீர்த்தது வண்டி.
வரவில்லாத வீட்டில்
சேமிப்பு எத்தனை நாள் தாங்கும்?

மல்டிமீட்டரை நானே இரவல் வாங்கி வந்தேன்.
என்ஜின் ஓடும்போது பதினொன்று புள்ளி ஆறு.
எண்ணைக் காட்டினேன், எதுவும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருந்ததுதான்
அவனை அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
முதலில் பேட்டரியின் கறுப்பு வயர்.
அப்புறம் பெல்ட்.
அப்புறம் ஆல்டர்னேட்டர் இருக்கும் அந்தப் பொந்து:
தாலாயின் கை முழங்கைவரைகூடப் போகவில்லை.
இருட்டைத் திட்டினான், இரும்பைத் திட்டினான்,
இதைப் பூட்டிய, முகம் தெரியாத யாரோ ஒருவனைத் திட்டினான்.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டே
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"உன் மணிக்கட்டு சின்னது."

மூன்று நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

மேல் போல்ட் இரண்டு இழுப்பில் வந்தது.
கீழ் போல்ட் மல்லுக்கு நின்றது.
ஸ்பேனரின் வாலில் தண்ணீர்க்குழாய்த் துண்டைச் செருகி
நான் பிடிக்க, அவன் தொங்க,
டக்கென்று ஒரு சத்தம்.
உடைந்துவிட்டதென்று இருவரும் மூச்சை நிறுத்தினோம்.
உடையவில்லை. விட்டுக்கொடுத்திருந்தது.

வெளியே வந்தது ஆட்டுத்தலை அளவு,
ஆட்டுத்தலையைவிடக் கனம்.
"செத்துப்போச்சா?" என்றாள் பெகாயிம்.
உள்ளே கரித்துண்டுகள் தேய்ந்து
அவள் சுண்டுவிரல் நகம் அளவுதான் மிச்சம்.

மாற்று, சந்தையில் ஒரு கன்டெய்னரில் கிடைத்தது.
எங்கோ மோதிய வண்டியிலிருந்து கழற்றியது.
மூன்று மாத உத்தரவாதம், விற்றவனின் வாய் வழியாக.
பெல்ட் போகும் பாதையைக் காட்டும் ஸ்டிக்கர்
வெளுத்து வெறும் காகிதமாகியிருந்தது;
மூன்றாம் முறைதான் சரியாக அமர்ந்தது.
ஒரு வாஷர் மிஞ்சியது.
எதனுடையது என்று இருவருமே கேட்கவில்லை.

சாவி.
"பதினான்கு புள்ளி இரண்டு" என்றான் தாலாய்.
இன்னொரு முறை, வேலி தாண்டிக் கேட்கும்படி,
"பதினான்கு புள்ளி இரண்டு!"
ஷெர்காசி வீட்டு நாய் மட்டும் பதில் கொடுத்தது.

அப்போது அவள் பேசினாள்,
அதே பதம், அதே நிதானம்.
பெகாயிம் பின்சீட்டில் ஏறி நின்று கத்தினாள்:
"நீயும், அக்கா!"
என் விரல் முட்டியில் கிரீஸும் ரத்தமும் கலந்திருந்தன.
தாலாய் அதைத் துணியால் துடைத்தான்.
அழுக்குத் துணிதான்.

போன கோடையில், நான் படுக்கை விரிக்கும் விடுதியில்,
ஒசாகாக்காரர் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டேன்.
குரலைக் கேட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை,
அவ்வளவுதான் அவள் சொல்வது.
தினமும், பணிவாக,
அட்டை செருகப்படவில்லை.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை.
எங்கள் சாலைக்குச் சுங்கச்சாவடி வரட்டும்,
பார்த்துக்கொள்ளலாம்.